தன்லியினில் கடை திறந்தாயிற்று, அண்ணே

ஹூஸ்டன் மண்ணில் ஓய்வாகப் படுத்திருக்கும் என் ஆசை அண்ணன் மாணிக்கத்துக்கு, பர்மாவில் தாகேதாவிலிருந்து தங்கை வள்ளி எழுதிக்கொள்வது.

சுகமா என்று கேட்டு எழுத முடியாத கடிதம் இது. அதனால் நேராகச் செய்திக்கே வந்துவிடுகிறேன். தன்லியினில் நம் இரண்டாவது கடை திறந்தாயிற்று, அண்ணே! ஆற்றுப் பாலம் தாண்டி பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே. காலையில் ஷட்டரைத் தூக்கியபோது வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்து உங்கள் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், பயந்தே போய்விட்டார். "என்ன வள்ளி, ஏதும் தகராறா?" என்று என் காதில் கேட்டார். தகராறு இல்லை, எல்லாரும் சாமான் வாங்க வந்தவர்கள் என்று அவருக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது.

இந்தக் கடிதத்தைக் கோயில் விழா மலரில் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். உங்களை அறியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களிடம் திருப்பிச் சொல்லப் போகிறேன். தப்பாகச் சொன்னால் கனவில் வந்து திருத்துங்கள்.

அப்பா போட்டாதாங் துறையில் மூட்டை தூக்கியவர். அவர் நெஞ்சுவலியில் போனபோது உங்களுக்கு மீசை கூட முளைக்கவில்லை. ஆத்தா நாலு வீட்டில் துணி துவைத்தாள். நீங்கள் ஒரு தகரப் பெட்டியில் சீப்பு, கைக்கண்ணாடி, ஊக்கு, ரிப்பன் எல்லாம் அடுக்கிக்கொண்டு தன்லியின் படகில் ஏறினீர்கள். அப்போது பாலம் கிடையாது. அக்கரைக்குப் போகிறவர்கள் எல்லாரும் படகில்தான் போக வேண்டும்.

ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். மற்ற வியாபாரிகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். நீங்கள் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிட்டுக் காசு கேட்காமல் நடந்துகொண்டே இருந்தீர்கள். எனக்கு உயிரே போய்விட்டது. "அண்ணே, கொண்டு போயிடுவாங்க!" என்றேன்.

"படகை விட்டு எங்க போவாங்க? கொஞ்ச நேரம் கையில இருக்கட்டும். முகத்தைப் பாத்துக்கட்டும்," என்றீர்கள்.

படகு நடு ஆற்றுக்கு வந்தபோது திரும்பிப் போனீர்கள். முகம் பார்த்த கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒரே ஒரு அம்மா மட்டும் திருப்பிக் கொடுத்தார். அவரிடமும் நீங்கள் சிரித்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டீர்கள்.

எண்பத்தெட்டில் போராட்டமும் துப்பாக்கிச் சூடுமாகி ஊரே அடங்கிக் கிடந்தது. பள்ளிக்கூடம் மூடியிருந்தது. சந்தை ஒரு நாள் இருந்தால் மறுநாள் இல்லை. படகும் ஒழுங்காக ஓடவில்லை. படகு ஓடாவிட்டால் நம் வீட்டில் உலை ஏறாது. எப்படியோ அலைந்து திரிந்து ஒரு சரக்குக் கப்பலில் பாத்திரம் கழுவும் வேலை பிடித்தீர்கள்.

"கப்பல்ல போறவன் திரும்பி வருவானா?" என்று ஆத்தா உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"கப்பலே திரும்பி வரும் ஆத்தா, நான் வரமாட்டேனா?"

கப்பல் திரும்பி வந்தது. நீங்கள் வரவில்லை.

ஹூஸ்டன் துறைமுகத்தில் இறங்கியதும், அங்கே தங்க அனுமதி வாங்கப் பட்ட பாடும், நீங்கள் எங்களுக்கு முழுசாகச் சொன்னதே இல்லை. "எல்லாம் சரியாப் போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். எங்கே படுத்தீர்கள்? யார் சோறு போட்டார்கள்? ஆத்தா அழுவாள் என்று மறைத்தீர்களா, அல்லது உங்களுக்கே நினைக்கப் பிடிக்கவில்லையா? நீங்கள் அங்கே கட்டிக்கொண்ட லிண்டா அண்ணியிடம் கேட்டுப் பார்த்தேன். அண்ணிக்கும் தெரியவில்லை.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கடைக் கதைதான். முதலில் ஒரு பெரிய கடையில் அலமாரியில் சாமான் அடுக்கும் வேலை. அங்கே பெயர்ப் பட்டையில் எழுத மாணிக்கம் நீளம் என்று 'மேனி' ஆக்கிவிட்டார்கள். வீட்டில் மாணிக்கம், பள்ளிக்கூடப் பதிவில் பர்மியப் பெயராக மாங் மியின்ட், அமெரிக்காவில் மேனி. மூன்று பெயரிலும் நீங்கள் ஒரே ஆளாகத்தான் இருந்தீர்கள்.

பிறகு துறைமுகத்துக்குப் பக்கத்தில் வயதான ஒருவர் தன் மளிகைக் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட நினைத்தார். யாரும் அந்தக் கடையைச் சீந்தவில்லை. நீங்கள் தவணை சொல்லி வாங்கிக்கொண்டீர்கள். முதல் வாரம் ஈ கூட உள்ளே வரவில்லை என்று போனில் சொன்னீர்கள். பக்கத்து வீட்டு ஊ தெய்ன் வீட்டுக்கு உங்கள் போன் வரும். நானும் ஆத்தாவும் செருப்புக் கூடப் போடாமல் ஓடுவோம்.

"அப்ப என்னடா செய்யப் போற?" என்று கேட்டாள் ஆத்தா.

"வாசல்ல நிக்கப் போறேன் ஆத்தா."

சொன்னபடியே நின்றீர்கள். வெறுங்கையோடு வெளியே போகிற ஒவ்வொருவரிடமும், "என்ன தேடினீங்க? எது கிடைக்கலை?" என்று கேட்டீர்கள். மெக்சிகோ நாட்டுப் பெண்மணி ஒருவர் ஏதோ ஒரு காய்ந்த மிளகாயின் பெயரைச் சொன்னார். நீங்கள் அரை நாள் வண்டி ஓட்டிப் போய் அதை வாங்கிவந்து அவருக்காகத் தனியாக எடுத்து வைத்தீர்கள். அடுத்த வாரம் அவர் தன் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வியட்நாம்காரர் கேட்ட மீன் சாறு வந்தது. நம் ஆட்கள் கேட்ட புளியும், நாப்பி என்ற மீன் விழுதும் வந்தன. நாப்பி டப்பாவைத் திறந்த அன்று, வாசனை தாங்காமல் கடையே காலியாகிவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

இடையில் பணக்காரர்கள் இருக்கும் தெருவில் ஒரு கடை போட்டு அது படுத்துவிட்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "மூடிட்டேன் ஆத்தா" என்று நீங்கள் சொன்னபோது உங்கள் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆத்தா கொஞ்சம்கூட அசரவில்லை. "சரி, சாப்பிட்டுத் தூங்கு. அந்தத் தெருவுக்கு உன்னைப் பிடிக்கலை. பிடிச்ச தெருவாப் பாரு," என்றாள். பார்த்தீர்கள். ஐந்து கடை ஆயிற்று! ஐந்தாவது கடை வாசலில் நீங்கள் நிற்கும் படம் அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்தது. அதைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்த ஆத்தா கடைசியில் சொன்னது இதுதான்: "அம்மாம் பெரிய கடைக்கு வாசல்ல ஒரு கோலம் இல்லையே." அதைக் கேட்டு அண்ணி சாக்பீஸ் வாங்கி, படத்தைப் பார்த்துப் பார்த்துக் கோலம் போட்டாராமே. கோணல் கோலம் என்று எழுதியிருந்தீர்கள். ஆத்தாவுக்கு அது போதும்.

இரண்டாயிரத்து மூன்றில் வந்து இறங்கினீர்கள். மிங்கலாடோன் விமான நிலையத்தில் நான் ஒல்லியான ஒரு பையனைத் தேடிக்கொண்டிருந்தேன். வழுக்கைத் தலையும் தொந்தியுமாக ஒரு ஆள் என் முன்னால் வந்து நின்று, "வள்ளி, ஆத்தா எங்க?" என்றார். ஆத்தா உங்கள் முகத்தைக் கூடத் தொடவில்லை. நேராகத் தொந்தியைத் தட்டி, "அஞ்சு கடையும் இதுக்குள்ளதான் இருக்கா?" என்று கேட்டாள். விமான நிலையமே திரும்பிப் பார்க்க நாம் சிரித்துக்கொண்டே அழுதோம்.

அப்போது தாகேதாவில் நான் போட்டிருந்த கடை, எங்கள் வீட்டு முன்னறைதான். குறுக்கே ஒரு நீள மேஜை. மேஜைக்கு இந்தப் பக்கம் நானும் சாமானும், அந்தப் பக்கம் வெயிலில் வாடிக்கைக்காரர்கள். நீங்கள் ஒரு நாள் முழுக்க ஒரு மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

சாயங்காலம் சொன்னீர்கள்: "அந்தப் பச்சை லுங்கிக்காரம்மா சோப்பு கேட்டுச்சு. நீ எடுத்துக் கொடுத்தே. அது ஷாம்பு இருக்கிற பக்கமே பாத்துக்கிட்டு நின்னுச்சு. பின்னால ஆள் நிக்குதுன்னு கேக்கக் கூச்சப்பட்டுப் போயிருச்சு. இந்த மேஜையைத் தூக்கி வெளியில போடு வள்ளி."

"மேஜையைத் தூக்கிட்டா?" என்றார் உங்கள் மாப்பிள்ளை.

"அவங்களே உள்ள வந்து எடுத்துக்கட்டும்."

"மச்சான், இது தாகேதா. அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க. கடையை விரிச்சுக்கோங்கன்னு காசு கொடுங்க, வேண்டாங்கலை. மேஜையில கை வைக்காதீங்க."

"காசு கொடுக்க முடியாது மாப்பிள்ளை. அமெரிக்காக்காரன் இங்க முதல் போடக் கூடாதுன்னு எங்க ஊர்ல சட்டம்."

'எங்க ஊர்' என்று நீங்கள் சொன்னது ஆத்தாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "எதுடா உங்க ஊரு?" என்று கேட்டாள். நீங்கள் எழுந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மேஜையின் ஒரு முனையைத் தூக்கினீர்கள். மறுமுனையை நான்தான் தூக்கினேன். உங்கள் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

இரண்டு பேருமாக மூங்கிலும் பலகையும் வைத்து அலமாரி கட்டினோம். ஒவ்வொரு சாமானிலும் விலைச்சீட்டு ஒட்டினோம். பெயிண்ட் அடித்து, பிளாஸ்டிக் கூடைகளை வாசலில் அடுக்கி வைத்தோம். மறுநாள் காலை திறந்தால், வாசலில் கூட்டம் நின்றது, ஒருத்தரும் உள்ளே வரவில்லை. எட்டி எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பக்கத்து வார்டு டோ சேன் அம்மாதான் துணிந்தார். அவர் என்ன செய்தார் என்று நினைவிருக்கிறதா? படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைவதுபோல் நுழைந்தார். அவரைப் பார்த்து எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். நான், "செருப்போட வரலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, உங்கள் பளபளப்பான அமெரிக்க ஷூவைக் கழற்றி அந்தச் செருப்புகளோடு வைத்துவிட்டு வந்தீர்கள்.

டோ சேன் ஒரு பவுடர் டப்பாவை எடுத்து, "தொட்டுப் பாக்கலாமா?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"எடுத்து மோந்தே பாருங்க அமே," என்றீர்கள். அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் உங்கள் பர்மியப் பேச்சில் போட்டாதாங் வாடை போகவில்லை.

மாதக் கடைசியில் காணாமல் போனது இரண்டு பவுடர் டப்பாவும் ஒரு சீப்பும்தான். விற்றதோ மேஜை இருந்த காலத்தில் நான் நினைத்தும் பார்க்காத அளவு. உங்கள் மாப்பிள்ளை வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "மச்சான் பெரிய ஆள்தான்" என்றார். அதற்குள் நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள். அதனால்தான் இப்போது சொல்லிவைக்கிறேன்.

ஆத்தா கண்மூடிய பிறகு, இரண்டாயிரத்து எட்டில், நர்கிஸ் புயல் வந்தது. விடிந்து பார்த்தால் கடைக்கு மேலே வானம் தெரிந்தது. கூரைத் தகரங்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. தெருவெல்லாம் மரம். கரண்ட் இல்லை, போன் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. உள்ளே நனையாமல் தப்பியது மெழுகுவர்த்தி, அரிசி, நூடுல்ஸ், குடிதண்ணீர். மத்தியானத்துக்குள் மெயின் ரோட்டில் மெழுகுவர்த்தியை யானை விலை குதிரை விலைக்கு விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏத்தித்தான் ஆகணும் வள்ளி. இதை வித்துட்டா திரும்ப என்ன விலைக்கு வாங்குவே? கூரைக்கு எங்க போவே?" என்று உங்கள் மாப்பிள்ளை கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

"ஒட்டின விலை ஒட்டினபடி இருக்கட்டும்," என்றேன்.

"உங்கண்ணன் சொன்னாரா?"

"போன் எங்க இருக்கு? நானாத்தான் சொல்றேன்."

சரக்கு தீர்ந்துவிட்டால் கடையே போய்விடும் என்று எனக்கும் தெரியும். ஆனால் டோ சேன் நனைந்த லுங்கியோடு, பழைய விலைதானா என்று கேட்கக் கூட வாய் வராமல் நின்றார். ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அலமாரி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வெறும் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது தெருமுனையில் சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கும் கோ த்வே வாசலில் வந்து நின்று, அக்கா முறை வைத்து, "அமா, ஏணி இருக்கா?" என்றார். அவருக்குப் பின்னால் நம் வார்டு ஆட்கள். சாக்கடையில் கிடந்த தகரம், விழுந்த மரத்தின் கட்டை, எவர் வீட்டிலோ மிஞ்சிய ஆணி எல்லாம் அவர்கள் கையில். தங்கள் வீட்டுக் கூரைக்கு முன்னால் என் கடைக் கூரையை வேய்ந்தார்கள். "முதல்ல உங்க வீட்டைப் பாருங்க" என்று நான் கத்தினேன். "கடை திறந்தாத்தானே அமா நாங்க சாப்பிடுறது?" என்று மேலிருந்து கோ த்வே திருப்பிக் கத்தினார். சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரி அதைக் கேள்விப்பட்டு, பணம் அப்புறம் தா என்று ஒரு லாரியை அனுப்பினார்.

லைன் வந்ததும் உங்கள் போன் வந்தது. "விலையை ஏத்தினியா?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். எல்லாம் சொன்னேன்.

"வள்ளி," என்றீர்கள். "இத்தனை நாளா அதை நான் போட்டுக் கொடுத்த கடைன்னு மனசுக்குள்ள பெருமை பட்டுக்கிட்டு இருந்தேன். இல்லைம்மா. அது உன் கடை."

எனக்கு ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லியிருக்கிறார்கள். அது மாதிரி ஒரு சொல்லை யாரும் சொன்னதில்லை.

இந்த வருஷத் தொடக்கத்தில் அண்ணியின் குரல் போனில் வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கடையில், சாமான் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே உங்கள் இதயம் நின்றுவிட்டதாம். எனக்கு விசா கிடைக்கவில்லை. ஐந்து கடை வாசலிலும் பூ குவிந்ததாம். மிளகாய் கேட்ட அந்த மெக்சிகோ அம்மா வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டாராம். உங்கள் காதருகே தமிழில் பெயர் சொல்லிக் கூப்பிட யாராவது இருந்தார்களா அண்ணே? இதை நான் அண்ணியிடம் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஒரு காலையில், தன்லியினில் கட்டடம் வாடகைக்கு இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். "இருக்கிறதைக் காப்பாத்துவோம் வள்ளி" என்றார் உங்கள் மாப்பிள்ளை. கட்டடக்காரர் ஊ சோ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொம்பளை ஆளு, ரெண்டு கடையை எப்படிப் பாப்பீங்க? நாலு மாசத்துல காலி பண்ணிட்டா எனக்கு நஷ்டம்" என்றார்.

நான் வாதாடவில்லை. "ஐயா, ஒரு வேலை பண்ணுங்க. தாகேதாவுக்குப் போங்க. நீங்க யாருன்னு சொல்லாதீங்க. ஒரு கூடையை எடுத்துக்கிட்டு உள்ள போங்க" என்றேன்.

மறுநாளே போயிருக்கிறார். ஒன்றும் வாங்கக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனாராம். இரண்டு கூடை நிறைய வாங்கிக்கொண்டு, சைக்கா வைத்து வீடு போய்ச் சேர்ந்தார். சாவியை என் கையில் கொடுக்கும்போது, "வீட்டுக்காரி திட்டுறா. எதுக்கு அஞ்சு வாளின்னு கேக்குறா," என்று சிரித்தார்.

இன்றைக்குத் தன்லியினில் மத்தியானத்துக்குள் கூடைகள் போதவில்லை அண்ணே! இரண்டு பேர் ஒரே கூடையைப் பிடித்துக்கொண்டு சுற்றினார்கள். தொழிற்சாலை விட்டதும் பெண்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள். கல்லாவில் என் மகள் மாலா உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தமிழைவிடப் பர்மியம்தான் சரளமாக வருகிறது என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அந்தப் பர்மியத்தில்தான் இன்று ஊரையே கட்டிப்போட்டாள். கடை அடைக்கும் நேரத்தில் உங்கள் மாப்பிள்ளை ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "மூணாவது எங்க வள்ளி?" என்று கேட்டார். கேட்டது அவர்தான், நான் இல்லை!

ஒன்று மட்டும் மனதில் கிடந்து உறுத்துகிறது. நீங்கள் என் கடையில் மேஜை தூக்கினீர்கள், பலகை அறுத்தீர்கள். உங்கள் கடை ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க எழுதிப் போட்டிருக்கிறேன். விசா மறுபடியும் இல்லை என்றால் மறுபடியும் கேட்பேன். நான் வருவேன் அண்ணே, இது சத்தியம். உங்கள் தங்கச்சி என்று யாரிடமும் சொல்லமாட்டேன். ஐந்து கடைக்கும் போய், வேண்டியதை நானே எடுத்துக்கொண்டு, மற்ற ஜனங்களைப் போல வரிசையில் நின்று, காசு கொடுத்து வாங்குவேன். அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் எதையாவது ஏனோதானோ என்று வைத்திருந்தால், அப்போது சொல்வேன் நான் யார் என்று.

உங்கள் கூடப்பிறந்தவள்,
இரண்டு கடைக்காரி,
வள்ளி